மயங்கியவர் செவி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர் நம்மைத் தேடி வந்தார். வழக்குத் தொடர்ந்தே தீர வேண்டும் என்ற உறுதியோடு வந்தவர் அல்லர். வழக்கு உண்டா, இல்லையா என்று கேட்டறிய வந்தவர். வயிற்றில் ரண சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. முந்திய இரவு ஒரு மாத்திரையும், மறுநாள் காலையில் ஓர் ஊசியும் கொடுத்தார்களாம். சிகிச்சைக் கூடத்திற்குள் கொண்டுபோன சிறிது நேரத்தில் உறங்கிவிட்டார். பிறகு எவ்வளவு நேரம் சென்றதோ தெரியாது, மனிதக் குரல்கள் அவர் காதில் விழுந்தன. வலி இல்லை. கை கால் அசையவில்லை. கண்ணிமையைத் திறக்கவும் கூடவில்லை. ஒரு குரல் அவருடைய தொந்தியைக் குறித்துப் பரிகாசமாக ஏதோ சொல்ல, மற்றொரு குரல் சிரித்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் சொல்லுக்குச் சொல் நம்மிடம் ஒப்பித்தார். ஒப்பிக்கும்போது அவர் தலை நிமிரவில்லை.

வக்கீல்கள் கேட்கும் கேள்விகளை நாம் கேட்டோம். அச்சொற்களைக் கேட்ட வேறு சாட்சி உண்டா? மருத்துவமனைக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது? விழித்தவுடன் யாரிடமேனும் சொன்னீர்களா? குறிப்பேட்டில் நாடியும் இரத்த அழுத்தமும் ஒழுங்காக இருந்தன என்றுதான் கண்டிருந்தது. விழித்தவுடன், "ஏதாவது நினைவிருக்கிறதா?" என்று கேட்டதற்கு இல்லையென்று அவரே பதில் சொல்லியிருக்கிறார். நினைவு வந்தது ஐந்தாம் நாள். இதை வைத்துக்கொண்டு நியாயஸ்தலத்தில் நிற்க இயலாது, கனவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள் என்று கூறி அனுப்பிவிட்டோம். எழுந்து போகும்போது அவர், "நஷ்டஈடு வேண்டாம் ஐயா. நான் கேட்டது நிஜந்தானா என்று யாராவது சொன்னால் போதும்" என்றார்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அதன்பின் ஓய்ந்த வேளைகளில் இது பற்றி வைத்தியர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்து வந்தோம். படித்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பது நமது தொழில். இவ்விஷயம் முழுவதும் சாட்சியத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

மயக்கம் என்பது ஒரே பொருள் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். விளக்கை அணைப்பதுபோல் மருந்து ஆளை அணைத்துவிடுகிறது, வேலை முடிந்ததும் ஏற்றிவிடுகிறது என்பது பொது அபிப்பிராயம். உண்மை வேறு. உடல் அசையாதிருத்தல், வலி தெரியாதிருத்தல், பிரக்ஞை இல்லாதிருத்தல், பின்னால் ஞாபகம் இல்லாதிருத்தல் ஆகிய நான்கும் வெவ்வேறு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இல்லாமற் போகலாம். இவ்வேறுபாடு இன்று நேற்று தோன்றியதன்று; மயக்க மருந்தின் சரித்திரம் தொடங்கும் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1845-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடைக் கொடுத்து, மாணவர் கூட்டத்தின் முன் ஒருவருக்குப் பல் பிடுங்கினார். நோயாளி கத்திவிட்டார். கூட்டம் வெல்ஸை மோசக்காரர் என்று எள்ளி விரட்டியது. பல்லை இழந்த அம்மனிதரோ, வழக்கமாக உண்டாகும் அளவு வலியைத் தாம் உணரவில்லை என்று பிற்பாடு சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு 1846 அக்டோபர் 16-ஆம் தேதி அதே நகரின் மாஸச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்னும் ரண வைத்தியர் கில்பர்ட் அபட் என்பவருடைய கழுத்துக் கட்டியில் கத்தி வைத்தார். நோயாளி கத்தவில்லை. உலகம் கொண்டாடியது. அந்த அபட்டோ, வேலை நடப்பது தமக்குத் தெரிந்தே இருந்தது, வலிதான் தெரியவில்லை, கழுத்தைச் சுரண்டியதுபோல் இருந்தது என்றார். கத்தினவர் வலி குறைவு என்கிறார். கத்தாதவர் நடப்பது தெரியும் என்கிறார். கூட்டமோ முதலாமவரின் வைத்தியரை விரட்டியது, இரண்டாமவரின் வைத்தியரைத் தலைமேல் தூக்கி வைத்தது. வெளியே தெரியும் குறியைக் கொண்டு உள்ளே நடப்பதைத் தீர்மானிப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி முன்மருந்துக்கு வருவோம். முழு மயக்க மருந்துக்கு முன்னர் நோயாளியை அமைதிப்படுத்தக் கொடுப்பதையே இங்கு அவ்வாறு குறிக்கிறோம். இதன் அவசியம் அச்சத்திலிருந்து பிறந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்திற்கு அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுக்கப்பட்ட சில நிமிஷங்களுக்குள் இறந்தாள். பயந்து அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். குளோரோபாரம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இருதயத்தை நிறுத்தியா என்ற விவாதம் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. ஹைதராபாதில் எட்வர்ட் லாரி என்னும் ஆங்கில வைத்தியர், நிஜாம் அரசின் செலவில் 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் நடத்தி, மூச்சைக் கவனித்தால் போதும், இருதயத்திற்கு நேராக ஆபத்தில்லை என்று சாதித்தார். லாரி சொன்னது முழுமையும் சரியன்று. இலேசான குளோரோபார மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு, அச்சத்தின்போது உடம்பில் ஊறும் அட்ரினலினைச் செலுத்தினால், மூச்சு நிற்பதற்கு முன்பே இருதயம் துடிப்பு தடுமாறி நின்றுபோகும் என்பதை 1911-ல் லண்டனில் குட்மன் லெவி காட்டினார். பயந்தவர்களும் அரைகுறை மயக்கத்தில் இருந்தவர்களும் திடீரென்று இறந்ததன் இரகசியம் அப்போது விளங்கிற்று. அச்சத்தை முன்னதாகவே தணிக்க வேண்டும் என்பதற்கு இதனிலும் வலிய காரணம் ஏது?

தணிக்கும் மருந்து மயக்க மருந்தின் செலவையும் குறைக்கும் என்பதைப் பிரெஞ்சு சாஸ்திரி கிளோட் பெர்னார் 1860-களிலேயே கண்டிருந்தார். நாய்க்கு மார்பின் கொடுத்துவிட்டுக் குளோரோபாரம் கொடுத்தால், சிறிதளவே போதுமாயிருந்தது. ஈதர் வாயில் நீரைச் சுரக்கச் செய்யும். அதை உலர்த்த அட்ரோபினோ ஸ்கோபொலமினோ கொடுத்தார்கள். மார்பினும் இவற்றுள் ஒன்றும் சேர்ந்த ஊசி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது.

ஸ்கோபொலமினுக்கு மற்றொரு குணமும் இருந்தது. அது ஞாபகத்தைத் துடைத்துவிடும். ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்தில் கிரோனிக், கவுஸ் என்னும் வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசவ வேதனைக்கு இதை மார்பினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தி உறக்கம் என்று அதற்கு அழகிய பெயரும் இட்டார்கள். தாய்மார்கள் வேதனையில் கத்துவார்கள், புரளுவார்கள். விழித்தபின் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். ஒரு பொருளைக் காட்டி, சிறிது நேரம் கழித்து அதை முன்பு கண்டதுண்டா என்று கேட்பார்கள். கண்டதில்லை என்று சொன்னால் மருந்து போதும், உண்டு என்றால் இன்னும் கொஞ்சம். அறையை இருட்டாக்கினார்கள். வேதனைப்படும் தாயின் காதுகளை எண்ணெய் நனைத்த பஞ்சால் அடைத்தார்கள். ஏன் அடைத்தார்கள்? ஓசை உள்ளே சென்றால் நினைவு ஒட்டிக்கொள்ளும் என்பது அனுபவத்தில் கண்டது. கண்ணை மூடலாம், காதுக்கு இமையில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் கருவிகளைக் கொண்டு அளக்கப்பட்ட ஓர் உண்மையை அந்தப் பஞ்சுத் துண்டு முன்னதாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

1942 ஜனவரி 23-ஆம் தேதி இவ்விஷயத்தில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. கனடாவில் மான்ட்ரீல் நகரத்தில் ஹெரால்ட் கிரிபித் என்பவர், தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்புமுனையில் தோய்க்கும் குராரே விஷத்திலிருந்து எடுத்த மருந்தை ரண சிகிச்சையில் பயன்படுத்தினார். அது தசைகளைத் தளர்த்திவிடும். அதுவரை அசையாமை வேண்டுமாயின் ஆழ்ந்த மயக்கம் வேண்டும். ஆழ்ந்த மயக்கமோ உயிருக்கு ஆபத்து. இனி இலேசான மயக்கமும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்தால் போதும் என்றாயிற்று. எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்தன. ஆனால் அன்றுமுதல், வலித்தால் நெளிவது, விழித்தால் கண் திறப்பது என்னும் இயற்கையான முறையீட்டை நோயாளி இழந்துவிட்டார். குராரே மூளையையும் உறங்க வைக்கிறதோ என்று சிலர் ஐயுற்றனர். அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்னும் வைத்தியர் வேறு எந்த மயக்க மருந்தும் இன்றித் தம் உடம்பிலேயே அதை முழுத் தளர்ச்சி வரும்வரை ஏற்றிக்கொண்டார். அது முழுவதிலும் தாம் விழித்திருந்ததாகவும், தம்மைச் சுற்றி நடந்தவை யாவும் தமக்குத் தெரிந்திருந்ததாகவும் அவர் 1947-ல் எழுதினார். ஐயம் தீர்ந்தது.

எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை அளக்க ஒரு கோல் 1960-களில் கிடைத்தது. அமெரிக்காவில் எட்மண்ட் ஈகரும் அவருடைய துணைவர்களும் வகுத்தது இது. நுரையீரலின் காற்றறைகளில் ஒரு வாயு எத்தனை சதவிகிதம் இருந்தால், தோலைக் கீறும்போது நூற்றுக்கு 50 பேர் அசையாதிருப்பார்களோ, அதுவே அவ்வாயுவின் அளவு. ஹாலோதேனுக்கு ஏறக்குறைய 0.75, நடுவயதினருக்கு ஸெவோபுளூரேன் ஏறக்குறைய 2. நைட்ரஸ் ஆக்ஸைடுக்கோ 100-க்கும் மேல். அதாவது அது தனியே போதவே போதாது. பாவம், வெல்ஸ்! வயது பத்தாண்டு ஏற ஏற இத்தேவை சுமார் 6 சதவிகிதம் குறைகிறது.

இக்கோலைக் கொண்டு முன்மருந்துகளையும் நிறுத்துப் பார்த்தார்கள். மார்பின் ஊசி முன்னதாகப் போட்டால் ஹாலோதேன் தேவை சிறிதே குறைகிறது என்று 1964-லேயே தெரிந்தது. டயஸிபாம், மிடஸோலாம் முதலிய மருந்துகள் அதைவிட அதிகமாகக் குறைக்கின்றன. இரத்தக் கொதிப்புக்கென்று வந்த குளோனிடினும், அதன் இனத்ததான டெக்ஸ்மெடிடோமிடினும் மூளைத் தண்டில் விழிப்பைக் காக்கும் நரம்புகளை அடக்கி, தேவையை நன்றாகவே குறைக்கின்றன. மிடஸோலாமும், இன்று ஊசி வழியே மிகுதியாகக் கொடுக்கப்படும் புரொபொபாலும் சேர்ந்தால், தனித்தனிப் பலத்தைக் கூட்டினால் வரும் தொகையைவிட மிகுந்த பலன் உண்டாகிறது. ஆகவே முன்மருந்து பெற்றவருக்குப் பிரதான மருந்தைக் குறைத்தே கொடுக்கிறார்கள். குறைக்கத்தான் வேண்டும், குறைக்காவிட்டால் இரத்த அழுத்தம் விழும், மூச்சு அடங்கும், முதியவர்கள் தெளிவதற்கு நெடுநேரம் ஆகும்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. தேவை குறைந்தது என்கிறோமே, எதற்கான தேவை? கோல் அளந்தது அசைவை. அசைவை நிறுத்துவது மூளையா? 1993-ல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் இதற்கு விடை கூறின. ஒன்றில் எலிகளின் முன்மூளையை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அசைவை நிறுத்த வேண்டிய வாயுவின் அளவு மாறவேயில்லை. மற்றொன்றில் வெள்ளாடுகளின் மூளைக்கு மட்டும் வாயு செல்லும்படி செய்தார்கள். அசைவை நிறுத்த வழக்கமான அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருந்தது. கத்திக்கு அசையாதிருப்பது பெரும்பாலும் முதுகுத் தண்டின் வேலை என்று ஏற்பட்டது. முப்பது ஆண்டுகளாக மயக்கத்தை அளந்த கோல், தலையை அளக்கவில்லை, முதுகை அளந்திருக்கிறது! அதை உபயோகமற்றது என்று சொல்ல வரவில்லை. பல லட்சம் பேரைப் பத்திரமாக மயக்கி எழுப்பியது அந்தக் கோலே. அது எதற்குச் சாட்சியோ அதற்கு மட்டுமே சாட்சி என்கிறோம்.

தலைக்குள் நடப்பதை அறிய வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி காதின் வழியாகக் கிடைத்தது. நோயாளியின் காதில் இயர்போன் மாட்டி, 'டிக் டிக்' என்ற ஓசையை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செலுத்துகிறார்கள். தலைத்தோலில் ஒட்டிய சிறு தகடுகள் ஒவ்வோர் ஓசைக்கும் எழும் நுண்ணிய மின் அலையை வாங்குகின்றன. தனித்த அலை மூளையின் மற்ற சலசலப்பில் மூழ்கிப் போய்விடும். ஆயிரம் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தால் உருவம் தெரிகிறது. ஓசை எழுந்து ஒரு வினாடியின் ஆயிரத்தில் 10 பங்குக்குள் வரும் அலைகள் செவி நரம்பிலிருந்தும் மூளைத் தண்டிலிருந்தும் வருபவை. சுமார் 10 முதல் 100 பங்கு வரையில் வருபவை, ஓசை மூளையின் மேற்புறத்தை எட்டும்போது எழுபவை. அதற்கும் பின்னால் வருபவை கவனத்தோடும் பொருளோடும் தொடர்புடையவை.

இனி மருந்துகள் செய்வதைப் பார்ப்போம். முதல் வகை அலைகள் ஆழ்ந்த மயக்கத்திலும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. அதாவது காது வேலைநிறுத்தம் செய்வதில்லை. மூன்றாம் வகை இலேசான உறக்கத்திலேயே உருமாறிவிடுகிறது. நடுவகையே பயன்படும் வகை. ஐஸோபுளூரேன் போன்ற வாயுக்களும் புரொபொபாலும் அளவு ஏற ஏற இவ்வலைகளைத் தாமதப்படுத்தித் தட்டையாக்கிவிடுகின்றன. ஆனால் மார்பின் இனத்து மருந்துகளும், டயஸிபாம் இனத்து மருந்துகளும் மட்டும் கொடுத்தால், இவ்வலைகள் அதிகம் மாறாமலே நிற்கின்றன! முன்மருந்தாக மிகப் பழக்கமான இவ்விரண்டு இனங்களும் பிரதான மருந்தின் தேவையைக் குறைக்கின்றன, உடம்பை அமைதியாக்குகின்றன, இரண்டாம் இனமோ ஞாபகத்தையும் மறைக்கிறது. ஓசைக்கு மூளை தரும் பதிலை மட்டும் அவை ஏறக்குறைய இருந்தபடியே விட்டுவிடுகின்றன. ஆகவே இவற்றை நம்பிப் பிரதான மருந்தை மிகவும் குறைத்துவிட்டால், நோயாளி அசைய மாட்டார், பின்னால் குறைகூறவும் மாட்டார். நடுவில் என்ன கேட்டார் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

இது வெறும் தர்க்கமா? ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் ஷ்வெண்டர் என்பவரும் துணைவர்களும் 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்ட 45 பேர். எல்லோருக்கும் மார்பின் இனத்ததான பெண்டனில் உண்டு. அவர்களில் 30 பேருக்கு, மயக்கத்தில் இருக்கும்போது ராபின்ஸன் குரூஸோ கதையை ஒலிநாடாவில் கேட்பித்தார்கள். அந்த 30 பேரில் பத்துப் பேருக்குத் துணைமருந்து டயஸிபாம் இனத்துப் புளூநைட்ரஸிபாம். பத்துப் பேருக்கு ஐஸோபுளூரேன். பத்துப் பேருக்குப் புரொபொபால். சில நாட்கள் கழித்து விசாரித்தபோது, தமக்கு எதுவும் நினைவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். பிறகு, வெள்ளிக்கிழமை என்றவுடன் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். கதை படித்தவர்களுக்குத் தெரியும், ராபின்ஸன் தன் பணியாளுக்கு இட்ட பெயர் அது. ஏழு பேர் ராபின்ஸனைச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஐவர் புளூநைட்ரஸிபாம் பெற்றவர்கள். மற்ற இரண்டு மருந்துகளுக்கும் ஒவ்வொருவர். அவர்களிடம் அந்த நடுவகை அலைகளும் மயக்கத்தின்போது அழியாமல் நின்றிருந்தன. தமக்குத் தெரியும் என்பதே தமக்குத் தெரியாத ஏழு சாட்சிகள்!

இதனினும் கடுமையான செய்தி இங்கிலாந்தில் ஹல் நகரத்திலிருந்து 1993-ல் வந்தது. தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்துவதற்கு முன் ஒரு கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுகக் கட்டிவிட்டால், அம்மருந்து அந்தக் கைக்குள் போகாது. உடம்பு முழுவதும் கட்டுண்டிருக்க, அக்கை மட்டும் சுதந்தரமாயிருக்கும். 1977-ல் டன்ஸ்டால் என்பவர் எழுதிய உபாயம் இது. ஹல் நகரத்து இயன் ரஸ்ஸல், மிடஸோலாமும் மார்பின் இனத்ததான அல்பெண்டனிலும் மட்டுமே மயக்கமாகக் கொடுக்கப்பட்ட பெண்களை இவ்விதம் பரிசோதித்தார். "நான் சொல்வது கேட்டால் கையை அழுத்துங்கள், வலித்தால் இருமுறை அழுத்துங்கள்." 32 பேரில் 23 பேர் அழுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருமுறை அழுத்தினார்கள். விழித்தபின் ஒருவருக்கும் அது நினைவில்லை. இதற்குமேல் தொடர்வது தகாது என்று ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தினார் ரஸ்ஸல். அந்தக் கை கட்டப்படாதிருந்தால், 32 பேரும் சுகமாக உறங்கி எழுந்தார்கள் என்றுதான் மருத்துவமனைக் குறிப்பேடு சொல்லியிருக்கும்.

நினைவில்லாத வேதனை வேதனையாகுமா என்று வாதிக்கும் வைத்தியர்களும் உண்டு. நினைவில்லையேல் நஷ்டமில்லை என்பது அவர்கள் கட்சி. நாம் இதற்கு உடன்பட இயலவில்லை. குடிமயக்கத்தில் அடிபட்டவன் மறுநாள் அதை மறந்துவிட்டால், அடித்தவன் நிரபராதி ஆகிவிடுவானா? மேலும் அந்த மறதியும் முழுமையானதன்று. மிடஸோலாம் தான் ஏறிய பிறகு நடப்பதைப் பதியவிடாமல் தடுக்குமேயன்றி, முன்பே பதிந்ததை அழிக்காது. சிகிச்சையின் நடுவில் நோயாளி விழித்துவிட்டாரோ என்று ஐயம் எழுந்தபின் அதைச் செலுத்துவதால், நடந்துபோனது நடக்காததாகிவிடாது.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். சிகிச்சையின்போது விழித்திருந்து அதை நினைவிலும் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஸ்வீடனில் 11,785 பேரை விசாரித்து 2000-ல் வெளியிட்ட கணக்கில், தசை தளர்த்தும் மருந்து பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர்கூட இல்லை. அவர்களை மூன்று தடவை விசாரித்தார்கள்: விழித்தவுடன், ஓரிரு நாளில், ஒரு வாரத்திற்கும் இரண்டு வாரத்திற்கும் இடையில். சிலருக்கு நினைவு கடைசி விசாரணையிலேயே வெளிப்பட்டது. நம் கட்சிக்காரரின் ஐந்தாம் நாளை நினைத்துக்கொண்டோம். 2014-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பில், தாமாகவே முறையிட்டவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். தசை தளர்த்தும் மருந்து பெற்றவர்களில் 8,200 பேருக்கு ஒருவர். ஸ்வீடன் கணக்குக்கும் இதற்கும் இவ்வளவு தூரம் ஏன்? கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் பலர் வாய் திறப்பதில்லை. இது நியாயஸ்தலங்களில் நாள்தோறும் காண்பது. ரண சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள் இதைப் படித்து அஞ்சிப் பின்வாங்கக் கூடாது. ஹல் நகரத்தில் பரிசோதித்ததுபோல் மிடஸோலாமையும் அல்பெண்டனிலையும் மட்டும் நம்பி நடத்துவது பொதுவழக்கம் அன்று. வாயுவோ புரொபொபாலோ உடன் உண்டு. மூச்சோடு வெளிவரும் வாயுவின் அளவைக் கருவி ஓயாமல் காட்டுகிறது. மூளை அலைகளைப் படித்துச் சொல்லும் கருவிகளும் வந்திருக்கின்றன.

அப்படியானால் முன்மருந்தே வேண்டாமா? அச்சத்தைத் தணிக்கும் என்றுதானே அதைக் கொடுக்கத் தொடங்கினோம். தணிக்கிறதா என்று பார்த்தவர்களும் உண்டு. 1963-ல் பாஸ்டனில் எக்பர்ட் என்பவரும் துணைவர்களும் ஒரு வேடிக்கையான ஒப்பீடு செய்தார்கள். சிலருக்குப் பென்டோபார்பிடால் ஊசி. வேறு சிலரை முந்திய நாள் மயக்க மருந்து டாக்டர் நேரில் கண்டு, நடக்கப்போவதை எடுத்துச் சொன்னார். ஊசி பெற்றவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள், அமைதியோடு வரவில்லை. டாக்டரோடு பேசியவர்கள் விழிப்போடும் அமைதியோடும் வந்தார்கள். 2015-ல் பிரான்சில் 1,062 பேரிடம் லோரஸிபாம் மாத்திரையைச் சோதித்ததிலும், அதனால் நோயாளிகளின் திருப்தி கூடவில்லை. சுவாசக் குழாயை எடுப்பதற்கான நேரம் மட்டும் 12 நிமிஷத்திலிருந்து 17 ஆக நீண்டது. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் பழக்கம் இதனால் ஆட்டம் கண்டிருக்கிறது. நடுங்கிக்கொண்டு வருபவருக்கும், தாயை விட்டுப் பிரிய மறுக்கும் குழந்தைக்கும் அது இன்றும் உதவிதான்.

செவி திறந்திருப்பதால் நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியில் ஐந்து மருத்துவமனைகளில் 385 பேரைக் கொண்டு நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களின் காதில் இதமான இசையோடு, ஆறுதலும் தைரியமும் தரும் சொற்களைப் பாதிப் பேருக்குக் கேட்பித்தார்கள். மற்றவர்களுக்கு இயர்போன் இருந்தது, ஓசை இல்லை. ஆறுதல் சொற்களைக் கேட்டவர்களுக்கு விழித்த முதல் நாளில் வலி குறைவாயிருந்தது. மார்பின் இனத்து மருந்தின் தேவையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல சொல் இவ்வளவு செய்யுமானால் மற்றச் சொல் என்ன செய்யும் என்று பரிசோதிக்க எந்த நாட்டுச் சட்டமும் இடங்கொடாது. ஆயினும் நம் கட்சிக்காரரிடம் அந்தப் பரிசோதனை நடந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

சென்ற வாரம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கனவென்று தள்ளிவிடுவார்கள் என்று அன்று சொன்னோமே, அதில் பாதி பிறர்மேல் வைத்துச் சொன்ன நம்முடைய எண்ணமே என்று ஒப்புக்கொண்டோம். கேட்டது நிஜமாயிருக்கலாம், அப்படி நேர்வதுண்டு என்று எழுதினோம். மற்றொரு முறை ரண சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், முன்பு இவ்வாறு நடந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், தூக்க மாத்திரைப் பழக்கமோ குடியோ இருந்தால் மறைக்காமல் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை மருந்தின் தேவையை மாற்றிவிடும் என்றும் சேர்த்திருக்கிறோம்.